கீழே இருக்கும் தேதி

வேன் டிரைவரின் லைசென்ஸ் நகல் என்னிடம் வந்து சேர்ந்ததற்குக் காரணம் என் வாய்தான். பள்ளி திறந்த முதல் வாரம், பெங்களூரு வைட்ஃபீல்டில் எங்கள் அடுக்ககத்தின் வாசலில் வேனுக்காகக் காத்திருந்த அம்மாக்கள், டிரைவரின் காகிதங்களை யார் பார்ப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கப்பா பெட்ரோல் டேங்கர் ஓட்டியவர், எனக்கு லைசென்ஸ் பார்க்கத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, ஏன் சொன்னோம் என்று அன்று முழுக்க யோசித்தேன். பெருமையாகச் சொன்னேனா, பயத்தில் சொன்னேனா, இப்போதும் தெரியவில்லை. என் மகள் எல்.கே.ஜி.யில் சேர்ந்த வாரம் அது. அந்த வாரம் நான் சொன்னது, செய்தது எல்லாவற்றிலும் பயம்தான் பாதி.

அன்று முதல் அந்த வேலை என் தலையில். பதின்மூன்று பிள்ளைகள் போகும் வேன். ஜூனில் ஒருமுறை எல்லாக் காகிதங்களையும் பார்த்து, சரி என்று பெற்றோர் குழுவில் எழுதினேன். பொங்கல் விடுமுறை முடிந்து ஒருநாள், இன்னொரு அம்மா மறுபடியும் ஒருமுறை பார்த்துவிடலாமே என்று குழுவில் கேட்டாள். டிரைவர் அன்று காலையே ஜெராக்ஸ் எடுத்து வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனார். பதினோரு மணிக்கு, வீட்டிலிருந்தே பார்க்கும் அலுவலக வேலைக்கு நடுவே உறையைப் பிரித்தேன்.

அட்டையில் இரண்டு தேதிகள் இருக்கும். மேலே இருப்பது சொந்தக் கார், பைக் ஓட்டுவதற்கு. கீழே இருப்பது லாரி, பஸ், வாடகை வண்டி, பள்ளி வேன் என்று பிழைப்புக்கு ஓட்டுவதற்கு. மேலே இருப்பது பல வருடம் ஓடும். கீழே இருப்பது சீக்கிரம் முடிந்துவிடும். அந்த அட்டையில் கீழே இருந்த தேதி பன்னிரண்டு நாளுக்கு முன்பே முடிந்திருந்தது.

எனக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. அந்தத் தேதியை எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

*

நான் பிறந்து வளர்ந்தது ஜோகுபாளையத்தில். எங்கள் சந்தில் பாதி வீட்டு ஆண்கள் ஸ்டீயரிங் பிடித்தவர்கள். படிப்புக்கு பி.ஏ., எம்.ஏ. என்று படிகள் இருப்பதுபோல் அங்கே லைசென்ஸுக்குப் படிகள் இருந்தன. சின்ன வண்டி ஓட்டுகிறவன் முதல் படி. அதற்கு மேல் 'ஹெவி', லாரியும் பஸ்ஸும் ஓட்டலாம். ஆட்களை ஏற்றிப் போக வேண்டுமானால் 'பேட்ஜ்' வேண்டும். பெண் பார்க்க வந்த இடத்தில், மாப்பிள்ளைக்கு ஹெவி இருக்கிறது, பேட்ஜும் வாங்கிவிட்டான் என்று சொல்லி, பேட்ஜைச் சட்டையில் குத்தியே கூட்டி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் உச்சியில் இருந்தது 'ஹசார்டஸ்'. பெட்ரோல், கேஸ், அமிலம் மாதிரி ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிக்குத் தனியாக வகுப்புக்குப் போய், சான்றிதழ் வாங்கி, லைசென்ஸில் ஏற்றிக்கொள்ள வேண்டும். எங்கள் சந்தில் அது அப்பா ஒருவரிடம்தான் இருந்தது.

அப்போதெல்லாம் அது ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். ஒவ்வொரு வருடமும் ஒருநாள் வகுப்புக்குப் போய் உட்கார்ந்து, பிறகுதான் புதுப்பிக்க முடியும். அந்த நாள் எங்கள் வீட்டில் பரீட்சை நாள். அப்பா மூன்றாவது வரைக்கும் தமிழ் படித்தவர். கன்னடம் ஆற்றொழுக்காகப் பேசுவார், வாசிக்க வராது. வகுப்பில் பேசுவதெல்லாம் புரியும். கடைசியில் ஒரு தாளைக் கொடுத்து, படத்துக்கு நேரே சரியான விடையைக் குறிக்கச் சொல்வார்களே, அதுதான் அவருக்குக் காய்ச்சல்.

அதனால் வகுப்புக்கு ஒரு வாரம் முன்பிருந்தே நான் அவருக்குக் கேள்வி கேட்க வேண்டும். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தை வெட்டி, டேங்கரின் முதுகில் ஒட்டியிருக்கும் சாய்சதுரக் குறிகளை கிரேயானில் வரைந்து வைத்திருந்தேன். சிவப்பில் தீ ஜுவாலை என்றால் எரியும் திரவம். மஞ்சளில் வட்டத்துக்கு மேல் தீ என்றால், தானே எரியாது, மற்றதை எரியவைக்கும். மேலே வெள்ளை கீழே கறுப்பு என்றால் அரிக்கும் அமிலம். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டுக்கு மேலே ஒன்றை நீட்டுவேன். சோற்றை முழுங்கிவிட்டு விடை சொல்வார். தப்பாகச் சொன்னால் அம்மா அடுப்படியிலிருந்தே சரியான விடையைச் சொல்லிவிடுவாள்.

"பேசாம அடுத்த வருசம் நான் போயி ஹசார்டஸ் எழுதிட்டு வரேன், நீ சோறு வடி" என்பாள்.

"வடிப்பேன். நீ ரிவர்ஸ் எடுப்பியா?" என்பார் அப்பா.

எண்களும் உண்டு. 1203 என்றால் பெட்ரோல். 1202 டீசல். 1223 மண்ணெண்ணெய். பதினாறாம் வாய்ப்பாடு எனக்கு இன்னும் தடுமாறும், இவை தடுமாறாது. ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் டேங்கர் போனால் பின்னால் இருக்கும் ஆரஞ்சுப் பலகையை வாசித்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பள்ளித் தோழிகளுக்குச் சொல்வேன். அவர்கள் நம்ப மாட்டார்கள்.

வகுப்பு நாளன்று அப்பா கல்யாணத்துக்குப் போவதுபோல் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் போவார். சாயங்காலம் அதில் புகை வாசனையோடு திரும்பி வருவார். மைதானத்தில் தகரத் தட்டில் நெருப்பு மூட்டி, ஒவ்வொருவரையும் அணைக்கச் சொல்லியிருப்பார்கள். அதை எங்களுக்கு அப்படியே செய்து காட்டுவார், தீயணைப்பு உருளைக்குப் பதிலாகத் தண்ணீர்ச் சொம்பை வைத்துக்கொண்டு. பின்னை இழுக்கணும், காத்து அடிக்கிற பக்கம் முதுகைக் காட்டி நிக்கணும், ஜுவாலையை அடிக்கக் கூடாது, அடியைத்தான் அடிக்கணும். சான்றிதழை அம்மா வாங்கி சாமி படத்துக்கு முன்னால் வைப்பாள். அந்த நாட்களை நினைத்தால், மண்ணெண்ணெய் வாடையும் சாம்பார் வாசனையும் கிரேயான் மெழுகும் சேர்ந்த ஒரு மணம் இன்றும் எனக்கு வரும். எங்கள் வீட்டில் மூன்று பேரும் ஒரே பாடத்தைப் படித்த காலம் அது.

*

நான் ஏழாவது படிக்கும்போது, முத்திரை குத்தும் பழைய புத்தக லைசென்ஸ் போய் சில்லு வைத்த அட்டை வந்தது. அப்பா அதை இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, "எது வரைக்கும்னு படி" என்றார்.

எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் ஆங்கிலவழிக் கல்வி. தேதி என்று தேடினேன், மேலே ஒன்று கண்ணில் பட்டது. அதில் இருந்த வருடம் வெகுதூரத்தில் இருந்தது. கூட்டிப் பார்த்தேன், நான் கல்லூரி முடித்துவிடும் வருடம். கீழே இன்னொரு தேதியும் இருந்தது. அது அட்டை அச்சடித்ததைப் பற்றிய ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

"பத்து வருசத்துக்கு மேல இருக்குப்பா. இனிமே வருசா வருசம் போகத் தேவையில்ல" என்றேன்.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஒரு கிலோ மைசூர்பாக்கோடு திரும்பி வந்து, சந்து முழுக்க ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். மற்ற டிரைவர்கள், அப்படியெல்லாம் இருக்காது, மறுபடி பாரு என்று சொல்லியிருக்கிறார்கள். "என் பொண்ணு இங்கிலீஷ் மீடியம், அவளுக்குத் தெரியாதா?" என்று கேட்டிருக்கிறார். அதை எனக்கு அம்மா பிற்பாடு சொன்னாள். அவ்வளவு வருட அனுபவம் உள்ள ஆள், சக டிரைவர்கள் அத்தனை பேரையும் விட்டுவிட்டுப் பன்னிரண்டு வயதுப் பெண்ணை நம்பினார். நானும் அந்த வருடம் கேள்வி அட்டைகளை டிரங்குப் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். வேலை மிச்சம் என்று சந்தோஷம்.

அடுத்த வருடம் ஹொசகோட்டே பக்கம் இருந்த எண்ணெய் டிப்போவின் வாசலில் அப்பாவை நிறுத்தினார்கள். அவர்கள் கீழே இருந்த தேதியைப் பார்த்தார்கள். லோடு ஏற்றாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். டேங்கர் உரிமையாளர் வந்து கேட்டபோது அப்பா சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "நான்தான் பாக்கல சார்."

வகுப்பு, மருத்துவச் சான்று, புதுப்பிப்பு எல்லாம் முடிய மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் அவர் வண்டியை வேறொருவர் ஓட்டினார். அப்பா இடப்பக்கம் கிளீனர் உட்காரும் சீட்டில் போனார். தன் வண்டியில், தனக்குக் கீழே வேலை பழகியவனுக்குப் பக்கத்தில். சந்தில் எல்லோரும் பார்த்தார்கள். மைசூர்பாக் தீர்ந்துடுச்சா என்று ஒருவர் கேட்டது எனக்கே காதில் விழுந்தது.

நான் சாப்பிடாமல் படுத்துக்கொள்வேன் என்று அவருக்குத் தெரியும். அதனால் தினமும் எதையாவது கொண்டுவருவார். ஒருநாள் கொய்யா, ஒருநாள் சோளக்கதிர், ஒருநாள் மண் உண்டியல். "இத்தினி வருசமா நடுரோட்டையே பாத்துனு போயிட்டேன். இந்தப் பக்கம் உக்காந்தாதான் ஓரத்துல இன்னா இன்னா கடை இருக்குதுன்னு தெரியுது" என்பார். நான்தான் தப்பாக வாசித்தேன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தப் பேச்சு அப்படியே நின்றுவிட்டது. நான் ஏழாவது எட்டாவதாகி, கல்லூரி முடித்து, மென்பொருளில் தப்பு கண்டுபிடிக்கும் வேலைக்குப் போய், கல்யாணமாகி, ஒரு பெண்ணும் பெற்றுவிட்டேன்.

*

ஜெராக்ஸைப் பார்த்ததும் எனக்கு வந்த முதல் நினைப்பு, ஜூனிலேயே இந்தத் தேதியை நான் பார்த்திருந்தேன் என்பது. டிசம்பரில் இவருக்கு ஞாபகப்படுத்த வேண்டும் என்று குறித்துவைக்கப் போனை எடுத்தேன். அன்று மகளுக்கு ஜுரம். தெர்மாமீட்டரைத் தேடி எழுந்துபோனவள், திரும்ப வந்து குறிக்கவே இல்லை.

இரண்டாவது நினைப்பு வருவதற்குள் நான் ஆட்டோவில் இருந்தேன். வேன் கிளம்புவதற்கு முன் பள்ளிக்குப் போய் என் மகளைக் கூட்டிக்கொண்டேன். அவள், நான் வேன்லதான் வருவேன் என்று அழுதாள். ஆட்டோ திரும்பும்போது, மற்ற பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையாக வேனில் ஏறுவதைப் பார்த்தேன். டிரைவர் ஒவ்வொருவரின் பையையும் வாங்கி மேலே வைத்துக்கொண்டிருந்தார். என் மகளைப் பார்த்துக் கையாட்டினார். நானும் கையாட்டினேன்.

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. விபத்து ஏதும் ஆகிவிட்டால் காப்பீடுகூட நிற்காது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். தெரிந்துகொண்டு என் பிள்ளையை மட்டும் இறக்கிக்கொண்டேன். சிக்னலில் ஆட்டோ நின்ற இடத்தில் எல்லாம் பின்னால் திரும்பி அந்த மஞ்சள் வேனைத் தேடினேன்.

வேன் ஒழுங்காக வந்து சேர்ந்தது. நான் வாசலில் நின்றிருந்தேன். எல்லாப் பிள்ளைகளும் இறங்கிய பிறகு அவரே என்னிடம் வந்தார். நாற்பதைத் தாண்டியவர், ஸ்ரீராம்புரத்துக்காரர். பிள்ளைகளிடம் கன்னடம், என்னிடம் தமிழ்.

"பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்லையா மேடம்?"

இல்லை என்று சொல்லி ஜெராக்ஸை நீட்டினேன். "அண்ணா, தேதி முடிஞ்சுபோச்சு. பன்னெண்டு நாளாச்சு."

அவர் வாங்கிப் பார்த்துச் சிரித்தார். மேலே விரலை வைத்தார். "இங்க பாருங்க மேடம். இன்னும் ஆறு வருசம் இருக்கு."

அந்த விரல் இருந்தது, ஏழாவதில் நான் அப்பாவுக்கு வாசித்த அதே இடத்தில். அது சொந்த வண்டிக்கு, வேனுக்குக் கீழே இருப்பதுதான் என்று சொன்னேன். அவர் கீழே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கை தானாகப் போய்ச் சட்டையில் இருந்த பேட்ஜைத் தொட்டது.

"பதினெட்டு வருசமா ஓட்றேன். பேட்ஜ் இருக்கு, வண்டிக்கு எஃப்.சி. இருக்கு, எல்லாம் இருக்கு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "குரூப்ல மட்டும் போட்டுறாதீங்க மேடம். ஒருத்தர் நிறுத்துனா எல்லாரும் நிறுத்திடுவாங்க. நாளைக்கே ரின்யூவலுக்குக் குடுத்துர்றேன். கார்டு வர்ற வரைக்கும் மெதுவா ஓட்றேன்."

மெதுவா ஓட்றேன் என்று அவர் சொன்னதில் ஏமாற்று இல்லை. அதுதான் என்னை வருத்தியது. யோசித்துச் சொல்கிறேன் என்று மேலே வந்துவிட்டேன். கணவருக்கு போன் செய்தேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, குழுவில் போடு, வேறு வேன் பார்க்கலாம் என்றார். அவர் சொன்னது சரிதான். சரியாக இருந்தும் என் கை அதை எழுதவில்லை. எழுதினால், வேன்காரர் ஏமாற்றினார் என்றுதான் பன்னிரண்டு பேரும் படிப்பார்கள். எழுதாவிட்டால் காலையில் பன்னிரண்டு பிள்ளைகள் ஏறுவார்கள்.

அப்பாவுக்கு போன் செய்தேன். அவர் வண்டியை விட்டு ஆறு வருடம் ஆகிறது. ஜோகுபாளையத்து வீட்டில் அம்மாவோடு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தவள், நினைக்காத இடத்தில் கேட்டுவிட்டேன்.

"அப்பா, அன்னிக்கு அந்தத் தேதிய தப்பா படிச்சது நான்தானே. நீ ஏன்பா நான்தான் பாக்கலன்னு சொன்னே?"

அந்தப் பக்கம் தொலைக்காட்சி சத்தம் குறைந்தது.

"கார்டு யாரு பாக்கெட்ல இருந்துச்சு?"

"உன் பாக்கெட்ல."

"அப்புறம் இன்னா? ஓட்றவன்தான் பாக்கணும்." கொஞ்சம் இருமினார். "அந்தாளும் அவனேதான் பாத்திருக்கணும். அதுக்காக அவன் ரோட்ல நிக்கணுமா? ஓட்றதுக்கு பேட்ஜ் வெச்சவன் வேற யாருனா இருக்கானான்னு கேளு. இவன இடப்பக்கம் உக்காரச் சொல்லு. பசங்களுக்கு அவன் மூஞ்சி பழகி இருக்கும்ல."

"குரூப்ல சொல்லணுமாப்பா?"

"சொல்லாம? பசங்க போவுதுல்ல அதுல."

பின்னாலிருந்து அம்மா, மைசூர்பாக் கதையா ஓடுது என்று கேட்டது காதில் விழுந்தது. அப்பா சிரித்தார். இருபது வருடம் நான் அடைத்து வைத்திருந்தது அவர்களுக்கு வீட்டுச் சிரிப்பாகவே இருந்திருக்கிறது.

வேன் டிரைவரை போனில் அழைத்துக் கேட்டேன். அவருக்கு மச்சான் ஒருவர் இருந்தார், அலுவலகப் பேருந்து ஓட்டியவர், அப்போது வேலை மாறும் இடைவெளியில் இருந்தார். சாயங்காலம் இருவரும் வந்தார்கள். மச்சானின் அட்டையை வாங்கி மூன்று முறை பார்த்தேன். கீழே இருந்த தேதிக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. அட்டையைத் திருப்பி பேட்ஜ் எண்ணையும் பார்த்தேன். "ஆர்.டி.ஓ. ஆபீஸ்லகூட இவ்ளோ நேரம் பாக்கல" என்று மச்சான் முணுமுணுத்தார். டிரைவர் முழங்கையால் அவரை இடித்தார்.

குழுவில் நான் எழுதியது இதுதான். டிரைவரின் அட்டையில், வேன் ஓட்டுவதற்கான தேதி முடிந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. ஜூனில் அந்தத் தேதியைப் பார்த்தவள் நான், ஞாபகப்படுத்துவதாக இருந்து விட்டுவிட்டேன், அதன் பிறகு நான்தான் பார்க்கவில்லை. அட்டை புதுப்பித்து வரும்வரை இன்னொருவர் ஓட்டுவார், அவர் காகிதங்களின் படம் கீழே. இன்று மதியம் என் மகளை மட்டும் நான் கூட்டிவந்துவிட்டேன், அதற்காகவும் மன்னித்துக்கொள்ளுங்கள்.

கடைசி வரியை நான்கு முறை அழித்து எழுதினேன். கணவர், அது எதற்கு, யாரும் கேட்கவில்லையே என்றார். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் அனுப்பினால் எனக்குத் தூக்கம் வராது என்றேன்.

இரண்டு வீட்டார் மறுநாளே வேறு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒரு அம்மா இன்றுவரை என்னைப் பார்த்தால் லிஃப்டில் போனை எடுத்துக்கொள்கிறாள். அது அந்தக் கடைசி வரிக்காகத்தான். அவள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். மற்றவர்கள் அனுப்பினார்கள்.

காலையில் வேன் வந்தது. மச்சான் ஸ்டீயரிங்கில் இருந்தார். டிரைவர் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார், இஸ்திரி போட்ட சட்டையில். காலை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் இருந்தார். இல்லாத பிரேக்கை மிதிக்கிற கால். என் மகள் படியில் நின்று, நீங்க ஏன் அங்கிள் இங்க உக்காந்திருக்கீங்க என்று கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அங்கிள் டேட்ட பாக்கல பாப்பா. அதான் இந்தப் பக்கம்" என்றார்.

அட்டை வந்து சேர மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் மேலேயே ஆனது. முதல் சில நாள் மகள் வீட்டுக்கு வந்ததும், அங்கிள் கப்சிப் என்று உட்கார்ந்திருந்தார் என்று சொல்வாள். பிறகு ஒருநாள் ஓடிவந்து, வழியில் ஒரு கடையில் நீல நிறத்தில் ஆமை இருக்கிறது, மண்ணால் செய்தது, அங்கிள்தான் காட்டினார் என்றாள். ஒருநாள் கரும்புச்சாறு மிஷின். ஒருநாள் ஒரே நாற்காலி போட்ட முடிவெட்டும் கடை. ஜன்னல் ஓரம் இப்போது சண்டை, யார் அங்கிளுக்குப் பின்னால் உட்காருவது என்று.

புது அட்டை வந்த காலையில் அவர் வேனை நிறுத்தி, வலப்பக்கக் கதவு வழியாக அதை எனக்கு நீட்டினார். கட்டைவிரலால் மேல் தேதியை மறைத்துப் பிடித்திருந்தார். கீழே இருந்ததை வாசித்தேன். ஒருமுறை போதும் என்று தெரிந்தும் மறுபடி வாசித்தேன். போனில் குறித்துக்கொண்டேன், ஒரு மாதம் முன்பாகவே. அவரும் தன் போனை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

என் மகள் ஏறவில்லை. இடப்பக்க சீட் காலியாக இருந்ததை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இனிமே கடையெல்லாம் யாரு காட்டுவாங்க?" என்றாள்.